செந்தூலில் ஒரு மது மீட்புக் குழு: பணம் கட்டுவதற்கு முன் குடும்பங்கள் அறிய வேண்டியவை

கோலாலம்பூரில், செந்தூல் பக்கம் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் தமிழர்களுக்காக நடத்தப்படும் மது மீட்பு ஆதரவுக் குழுவில் என் தம்பி சென்ற ஆண்டு சேர்ந்தான். வார நாள்களில் மாலைக் கூட்டங்களும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட கூட்டமும் உண்டு. சற்றுத் தள்ளியிருக்கும் இரட்டை மாடி வீடு ஒன்றையும் அதே குழு தங்கும் இல்லமாக நடத்துகிறது. தம்பி முதலில் இல்லத்தில் தங்கினான். பிறகு வீட்டிலிருந்து கூட்டங்களுக்குப் போய்வந்தான். குழுவின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே இன்னும் தங்கியிருப்பவர்களுக்கு இதனால் தொல்லை வரக்கூடாது என்பது ஒரு காரணம். இதே நடைமுறைகள் வேறு இடங்களிலும் உண்டு என்று பிள்ளைகளையும் கணவன்மார்களையும் அனுப்பிவைத்த சிலர் என்னிடம் சொன்னது இன்னொரு காரணம்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். கூட்டம் முழுவதும் தமிழில் நடக்கிறது. தோட்டத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயத்தில் தொடங்கி நகரத்தில் மலிவு விலைப் பாட்டில்களுக்கு மாறியவர்கள், லாரி ஓட்டுநர்கள், பாதுகாவலர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனப் பலரும் வட்டமாக அமர்ந்து, கோப்பி ஓவும் மேரி பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு, தங்கள் கதையைத் தங்கள் வாயால் சொல்கிறார்கள். வீட்டில் வாய் திறக்காத ஆண்கள் அங்கே மனம் விட்டுப் பேசுகிறார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சம்சுவுக்கு எதிராகப் பல்லாண்டுகள் குரல் கொடுத்தும் குடியால் சீரழியும் நம் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன; அந்த நிலையில் இப்படியோர் இடம் கிடைப்பதே பெரிது. இத்தகைய குழுக்களால் பயன் உண்டு என்பதிலும் எனக்கு ஐயமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. குடியை விட விரும்புவோர் ஒன்றுகூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பும், குடியிலிருந்து மீள அது வகுத்த பன்னிரண்டு படிகளுக்கு ஆள்களை அழைத்துச் செல்லும் சிகிச்சைகளும், குடியை முழுமையாக விட்டிருப்பதற்கு மற்றச் சிகிச்சைகளைக் காட்டிலும் குறைவாக உதவவில்லை என்றும், சில அளவைகளில் கூடுதலாகவே உதவின என்றும் அது கண்டது. ஆகவே நான் குறை சொல்வது ஒன்றுகூடிப் பேசுவதைப் பற்றி அன்று. அதைச் சுற்றி இந்தக் குழு எழுப்பியிருக்கும் கட்டாயங்களைப் பற்றி.

குழுவின் சுவரில் பன்னிரண்டு படிகள் தமிழில் எழுதி மாட்டப்பட்டிருக்கின்றன. அதைப் பார்ப்பவர்கள் இது உலகம் அறிந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கிளை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நடத்துபவர்களும் அப்படி நினைப்பதைத் திருத்துவதில்லை. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய அமைப்பு அது. 1939-இல் வெளியான அதன் நூலே படிகளைப் பரிந்துரை என்றுதான் முன்வைத்தது. 1950-இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட மரபுகளில், அதாவது அதன் குழுக்கள் நடக்க வேண்டிய நெறிகளில், மூன்றாவது, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குப் போதும் என்கிறது. அங்கே சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. அந்த அமைப்பு மருத்துவமனையோ தங்கும் இல்லமோ நடத்துவதும் இல்லை. செந்தூல் குழுவோ படிகளை எடுத்துக்கொண்டு மரபுகளை விட்டுவிட்டது. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆளைத் தங்கவைக்கும் இடம் எதுவாயினும், படிகள் சுவரில் தொங்குகின்றன என்பதற்காக நம்பிவிடக் கூடாது.

சேர்க்கும் நாளில் குடும்பத்தார் ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்திட வேண்டும். தங்குபவரின் மைகார்டு என்ற அடையாள அட்டை, வங்கி அட்டை, கைப்பேசி மூன்றும் அலுவலக அலமாரிக்குள் போய்விடும். வாசல் இரும்புக் கதவின் சாவி தலைவரிடமும் அவர் நியமித்த மூத்த உறுப்பினரிடமும் மட்டுமே இருக்கும். "அக்கா, சாவி அவன் கையில் இருந்தால் முதல் நாளே கடைக்குப் போய்விடுவான்" என்று எனக்கு விளக்கம் தரப்பட்டது. பல ஆண்டுகள் குடியோடு போராடிய குடும்பத்துக்கு அந்தச் சொல் நியாயமாகவே படும். இருந்தாலும் சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது. அடையாள அட்டையை அதற்குரியவர் எப்போதும் தம்முடன் வைத்திருக்க வேண்டும். வயது வந்த ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக ஓரிடத்தில் அடைத்துவைப்பதைத் தண்டனைச் சட்டத்தொகுப்பின் 340-ஆம் பிரிவு சட்டவிரோத அடைப்பு என்கிறது. மனநோயாளிகளை அவர்கள் ஒப்புதலின்றிச் சேர்ப்பதற்கு வழி செய்யும் 2001-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம்கூட, மது அருந்துகிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மனநோயாளி என்று கொள்ளக் கூடாது என்கிறது. மருத்துவ அதிகாரி பார்த்துக் கையெழுத்திடும் அரசாங்க மருத்துவமனைக்கே அந்த வரம்பு இருக்கும்போது, மருத்துவரே இல்லாத ஒரு வீட்டுக்குப் பூட்டும் உரிமை எங்கிருந்து வந்தது?

மருத்துவரே இல்லாத வீடு என்பதை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தினமும் அளவுக்கு மீறிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம்; இரண்டு மூன்று நாள்களில் நினைவு தடுமாறி, இல்லாதவற்றைக் கண்ணால் கண்டு, உடல் கொதித்து, உயிருக்கே ஆபத்தாகலாம். உரிய மாத்திரைகளும் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் கண்காணிப்பும் இருந்தால் தடுக்கக்கூடிய ஆபத்து இது. இந்த இல்லத்தில் அந்த நிலைக்குத் தரப்படும் சிகிச்சை குளுக்கோஸ் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும். நான் தம்பியைப் பார்க்கப் போயிருந்த ஒரு மாலையில், புதிதாக வந்த ஒருவர் வரவேற்பறை நாற்காலியில் நடுங்கிக்கொண்டு, தம் சட்டையின் மேல் எதையோ தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். அங்கே எதுவும் இல்லை. ஆம்புலன்சைக் கூப்பிடும்படி நான் சொன்னதற்கு, உள்ளே இருக்கும் விஷம் வெளியேறுகிறது, பயப்படாதீர்கள் என்றார் மூத்த உறுப்பினர். நான் விடாமல் வற்புறுத்திய பிறகுதான் நடுங்கிக்கொண்டிருந்தவரைக் காரில் ஏற்றினார்கள்.

தம்பிக்குப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டு மருந்துகள் எழுதித் தந்திருந்தார்கள்: மனச்சோர்வுக்கு ஒன்று, குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1994-லேயே குடிநோய்க்கு ஏற்றுக்கொண்ட மருந்து அது. மாத்திரை போடுகிறவன் இன்னும் சுத்தமாகவில்லை என்பது குழுவின் கொள்கை. ஆகவே இரண்டும் அலமாரிக்குள் போயின. மனச்சோர்வு மருந்தைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் தூக்கமின்மையும் வரக்கூடும் என்பது அதைக் கொடுத்த மருத்துவர் முதல் நாளே எச்சரிப்பது. தம்பிக்கு வந்த பதற்றத்தை அவர்கள் அவன் அகந்தையின் அடையாளம் என்று சொல்லிக் கூடுதல் கூட்டங்களுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு படிகளை உருவாக்கிய அமைப்போ, உறுப்பினர் எவரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று தன் வெளியீட்டிலேயே அறிவுறுத்துகிறது. இந்த மதிப்பீட்டில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இதை வையுங்கள்: மருத்துவர் எழுதிய மருந்தைப் பிடுங்கி வைக்கும் இடத்தில் உங்கள் பிள்ளையை விடாதீர்கள்.

நான்காம் படி, தன் வாழ்க்கையை ஒளிவுமறைவின்றி எழுதிப் பார்ப்பது. ஐந்தாம் படி, எழுதியதை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்வது. இவற்றுக்காக ஒவ்வொருவருக்கும் ஒரு 555 குறிப்பேடு தருகிறார்கள். மளிகைக் கடையில் கடன் எழுதிவைப்பார்களே, அதே சின்னக் குறிப்பேடுதான். தம்பி அதில் மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய கடனை எழுதினான். அப்பாவின் காரியத்துக்குக் குடித்துவிட்டு வந்ததை எழுதினான். அவன் மட்டுமே அறிந்த இன்னும் சிலவற்றையும் எழுதினான். எழுதி முடித்ததும் குறிப்பேட்டைத் தலைவர் வாங்கிக்கொண்டார், திருப்பித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவரை நடுவில் நிற்கவைத்து, மற்றவர்கள் முறை வைத்து அவருடைய குற்றங்களை எடுத்துச் சொல்வார்கள். எதை எடுத்துக்கொடுப்பது என்பதற்குத் தலைவர் கையில் அந்தக் குறிப்பேடு விரிந்திருக்கும். நிற்பவர் மறுத்துப் பேசினால் அது மறுப்பு நோய் என்பார்கள், அழுதால் கைதட்டுவார்கள். இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. கலிஃபோர்னியாவில் 1958-இல் சார்லஸ் டெட்ரிக் தொடங்கிய சினனான் என்ற குழு, ஒருவரை ஒருவர் வசைபாடித் தாக்கும் இதே முறையை விளையாட்டு என்ற பெயரில் நடத்தி, வன்முறையில் போய் முடிந்தது. இதனால் பயன் உண்டா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. உளவியலாளர் வில்லியம் மில்லரும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை தருபவர் எவ்வளவு அதிகமாக எதிர்த்து மடக்கினாரோ, ஓராண்டு கழித்து அந்த நபர் அவ்வளவு அதிகமாகக் குடித்தார்.

சமய விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒவ்வொருவரும் தாம் உணர்ந்தபடி கடவுளை எண்ணிக்கொள்ளலாம் என்பதே படிகளில் உள்ள சொல். இங்கே தலைவர் நம்பும் சமயத்தின் வழிபாட்டில் எல்லோரும் கலந்துகொள்ள வேண்டும். வராதவருக்கு அன்று வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு கிடையாது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 1996-லும் 2007-லும், அரசு ஒருவரைப் பன்னிரண்டு படிக் கூட்டங்களுக்குக் கட்டாயமாக அனுப்புவதுகூடச் சமயத்தைத் திணிப்பதாகும் என்று தீர்ப்பளித்திருக்கின்றன. நம் நாட்டில் சமய உரிமைக்கு அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு இருக்கிறது. தம்பி எந்தச் சாமியைக் கும்பிட்டால் குடியை விடுவான் என்பதை முடிவு செய்ய வேண்டியவன் அவன்தான்.

இல்லத்தை விட்டு வீட்டுக்கு வந்த பிறகும் பிடி தளரவில்லை. வேலையில் மறுபடி சேர்வதற்கு கூட்டங்களுக்குப் போகிறான் என்று குழு தரும் வருகைக் கடிதத்தை முதலாளி கேட்டிருந்தார். ஒரு கூட்டம் தவறினாலும் கடிதம் நிறுத்தப்படும் என்றார் அவனுக்கு நியமிக்கப்பட்ட வழிகாட்டி. கூட்டத்துக்குப் போகாத இரவில் கதவைத் திறக்கக் கூடாது என்று தம்பி மனைவிக்குத் தனியாக அறிவுரை வந்தது. குழுவை விட்டுப் போனவர்களின் பெயர்களை வாசித்து, அவர்கள் எல்லோரும் செத்துப்போவார்கள் என்று கூட்டத்தில் சொல்வார்கள். இந்தப் பயத்தின் விளைவு என்ன தெரியுமா? தம்பியோடு நெருங்கிப் பழகிய ஒருவர் மீண்டும் குடிக்கத் தொடங்கி, மாதக்கணக்கில் அதை மறைத்து, ஒவ்வொரு மாலையும் முன்வரிசையில் அமர்ந்து தம் தெளிவான நாள்களை எண்ணிச் சொல்லிவந்தார். உண்மையைச் சொன்னால் கடிதம் போகும், நடுவில் நிற்க நேரும், மனைவிக்குத் தகவல் பறக்கும். ஆதரவுக் குழுவின் உயிரே, விழுந்தவன் விழுந்த அன்றே வந்து சொல்ல முடிவதில் இருக்கிறது. இங்கே அதைச் சொல்வதற்குத்தான் மிகப் பெரிய தண்டனை. ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகே அவர் குடித்தது குழுவுக்குத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு அவருடைய பெயரும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

நடத்துபவர்கள் தீயவர்கள் என்று நான் எண்ணவில்லை. அவர்களும் குடியில் அழிந்து எழுந்தவர்கள். தங்களை எழுப்பியது கடுமை என்று உண்மையாகவே நம்புகிறார்கள். கடுமையில்லாவிட்டால் இந்த ஆள்கள் கேட்கமாட்டார்கள் என்று தலைவர் என்னிடம் சொன்னபோது அவர் குரலில் கவலைதான் இருந்தது. இருப்பினும் அந்தக் கடுமையால் எழுந்தவர்கள் மட்டுமே அவர் கண்ணுக்குத் தெரிகிறார்கள். ஓடிப்போனவர்களையும் மறைத்துக் குடிப்பவர்களையும் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

செலவைப் பொறுத்தவரை, இல்லத்துக்கு மாதம் 1,500 ரிங்கிட். ஊழியர் சேமநிதியில் எடுத்த பணத்திலிருந்து நன்கொடையும் எதிர்பார்க்கப்படுகிறது. ரசீது கேட்டால்தான் தருவார்கள். தம்பி இப்போது பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகிறான். குடிமக்களுக்கு நிபுணர் சிகிச்சைக் கட்டணம் 5 ரிங்கிட். காத்திருக்கும் நேரம் அதிகம், தமிழ் பேசும் ஆலோசகர் எப்போதும் அமைவதில்லை. கூடவே, யாரும் வரும், யாரும் போகும் ஒரு திறந்த கூட்டத்துக்கும் செல்கிறான். அங்கே வருகைப் பதிவு இல்லை. இடையில் ஒருமுறை குடித்துவிட்டான். மறுநாளே போய்ச் சொன்னான், நாற்காலியை இழுத்துப் போட்டுக் கோப்பி கொடுத்தார்கள். அவசரமாகப் பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 15555-ஐ அழைக்கலாம்.

செந்தூல் குழுவுக்கு ஐந்தில் ஒன்று தருகிறேன். அந்த ஒன்றும் வட்டத்தில் அமர்ந்து தமிழில் பேசிய உறுப்பினர்களுக்காக. மருந்தை உரியவரிடமே விடுவது, கதவுச் சாவியையும் மைகார்டையும் தங்குபவரிடம் கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை விசாரணையை நிறுத்துவது ஆகிய மூன்றையும் செய்தால் மதிப்பீட்டை மாற்றி எழுதுவேன். தம்பியின் குறிப்பேட்டைத் திருப்பிக் கேட்டு எழுத்து மூலம் கடிதம் கொடுத்திருக்கிறோம். அது குழுவின் சொத்து என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. அதையே எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறோம். தந்தால் காவல் நிலையப் புகாரோடு இணைப்போம்.