கேம்பர்வேனைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஃபிளைட் வைக்காதீர்கள்

கேப் டவுனில் கேம்பர்வேன் (உள்ளேயே படுக்க, சமைக்க வசதி உள்ள வேன்) வாடகைக்கு எடுத்து, கடலோரமாகவே ஓட்டி, டர்பனில் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் திட்டத்தில் இருக்கும் ஜோஹன்னஸ்பர்க் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போய் வந்த போட்டோக்களைப் பார்த்துவிட்டு, டிசம்பர் லீவுக்கு எந்தக் கம்பெனியில் எடுக்கலாம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்கள் கம்பெனியின் பெயரை இங்கே போடப்போவதில்லை, கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. அவர்கள் செய்த வேலையை யாரும் செய்யலாம் என்பதால், எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

புக்கிங் படிவத்தில் ஃபிளைட் நம்பர் கேட்பார்கள். வேனை விட்டதும் இலவசமாக ஏர்போர்ட்டில் இறக்கிவிடுவோம், அதற்காக என்பார்கள். நல்ல உபசாரம்தானே என்று எல்லோரும் கொடுப்பார்கள். ஆக, நீங்கள் எத்தனை மணிக்கு ஓட வேண்டியவர் என்பது முதல் நாளே அவர்கள் கையில் இருக்கிறது. கடைசி நாள் கூத்து முழுக்க அந்த ஒரு தகவலை வைத்துத்தான்.

பயணத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜூலை மாதக் குளிர், கூட்டம் குறைவு, நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். ஹெர்மானஸில் கரையில் நின்றே திமிங்கிலம் பார்த்தோம். ஸ்டார்ம்ஸ் ரிவரில் அலை பாறையில் அடித்து வேன் கண்ணாடி வரை தெறித்தது. அதை எழுத இன்னொரு நாள் வேண்டும்.

தொல்லை ஆடோ யானைப் பூங்காவுக்கு அப்புறம் ஆரம்பித்தது. கேம்ப்சைட்டில் கரண்ட் பிளக் மாட்டியிருக்கும் வரை ஃபிரிட்ஜ் ஓடும். பிளக்கைப் பிடுங்கினால் ராத்திரி தாண்டாது. வேனுக்கு இரண்டு பேட்டரி உண்டு: ஒன்று எஞ்சினுக்கு, மற்றது உள்ளே விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்புக்கு. இந்த இரண்டாவதுதான் செத்துப்போயிருந்தது. ஹெல்ப்லைனில் ஒரே பாட்டு: "ஓட்டுங்கள், ஓட ஓட சார்ஜ் ஏறும்." நாளெல்லாம் ஓட்டினோம். ஏறவில்லை. கிரைண்டர் வைத்திருக்கும் தோழி ஒருத்தி போர்ட் எலிசபெத்தில் அரைத்துக் கொடுத்த தோசை மாவு, மறுநாள் காலையில் டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து, கீழே இருந்த துணிமணி எல்லாம் மாவாகிவிட்டது. (துவைத்தும் அந்தப் புளிப்பு வாசனை போகவில்லை. இவர் இன்னும் அந்த ஸ்வெட்டரைப் போட மாட்டேன் என்கிறார்.)

ஈஸ்ட் லண்டனில் பேட்டரிக் கடைக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, இது எத்தனை ஓட்டினாலும் சார்ஜ் பிடிக்காது என்றார். கம்பெனிக்கு அங்கிருந்தே போன் போட்டோம். "மாற்றிக்கொள்ளுங்கள், ரசீதை வைத்திருங்கள், டர்பனில் பணம் தருவோம்" என்றார்கள். 2,600 ரேண்ட். டர்பனில் அந்த ரசீதை நீட்டியபோது, ஆயிரம் ரேண்டுக்கு மேல் போகும் எந்தச் செலவுக்கும் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்றார்கள். போனில் சரி சொன்னது யார் என்று கேட்டால், அப்படி ஒரு அழைப்பே பதிவில் இல்லையாம். நல்ல வேளை, கடையில் நின்றபோதே "நீங்கள் சொன்னபடி பேட்டரி மாற்றுகிறோம்" என்று நான் வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி போட்டிருந்தேன். அவர்கள் பதிலுக்குக் கட்டைவிரல் எமோஜி போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டைவிரல் இப்போது எங்கள் கேஸ் கட்டில் இருக்கிறது.

அடுத்து, ஈஸ்ட் லண்டனைத் தாண்டி வரும் வைல்ட் கோஸ்ட் கடற்கரை. N2 நெடுஞ்சாலையில் உம்தாத்தாவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே, வீட்ஜஸ்வில் என்ற இடத்தில் திரும்பினால் காஃபி பே போகும் சாலை. தார்ச்சாலைதான், ஆனால் குழிகள் பேர்போனவை. நடுவே மாடு, ஆடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ரோட்டில்தான். இவர் இருபதிலும் முப்பதிலும் உருட்டிக்கொண்டு போனார். ஒப்பந்தத்தில் மண்சாலையில் ஓட்டக் கூடாது என்று இருந்ததால், ஹோல் இன் தி வால் பாறையைப் பார்க்க வேனைக் கேம்ப்சைட்டிலேயே விட்டுவிட்டு மலைச்சரிவு வழியாக நடந்து போனோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், டர்பனில் வேனைத் திருப்பிக் கொடுத்தபோது சேதம் என்று சொன்ன கம்பெனி ஆள் முதலில் எடுத்த ஆயுதமே இந்தச் சாலைதான். வேனில் டிராக்கர் இருக்கிறது, நீங்கள் காஃபி பே போயிருக்கிறீர்கள், அடி அங்கேதான் பட்டிருக்கும் என்றார். போனது உண்மை. அடி பட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசி ராத்திரி டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் தங்கினோம். தைப்பூசக் காவடிக்கு பிரேக் வில்லேஜ் கோயிலுக்குப் போனபோது பழக்கமான ஒரு அங்கிள் வீடு. கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், மூன்று நான்கு தலைமுறை ஆகிறது. தமிழ் துண்டு துண்டாகத்தான் வரும், ஆனால் என்னை "மகளே" என்றுதான் கூப்பிடுவார். ஆன்ட்டி நண்டுக் குழம்பு வைத்திருந்தார். அங்கிள் ரிட்டயர் ஆகும் வரை பேனல் பீட்டர், அடிபட்ட வண்டிகளைத் தட்டி ஒட்டிப் பெயின்ட் அடிக்கும் வேலை. இது பின்னால் வரும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேனை விட வேண்டிய டெப்போ டர்பனின் கிங் ஷாகா ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில், நாலு மணிக்கு மூடுவார்கள். எங்கள் ஃபிளைட் ஐந்தே முக்கால். இரண்டரைக்கெல்லாம் போய்விட்டோம். டீசல் நிரப்பி, பம்ப் ரசீதையும் மீட்டரையும் சேர்த்துப் படம் எடுத்து, டாய்லெட் கேசட்டை (கழிவு சேரும் கழற்றக்கூடிய பெட்டி) கழுவி, கரண்டி ஸ்பூன் வரை எண்ணி வைத்தாயிற்று. "உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் வருவார்" என்றார்கள். வேறு வாடிக்கையாளர் யாரும் இல்லை. காபி கொடுத்தார்கள். மணி மூன்றரை தாண்டியபின்தான் ஆள் வந்தார்.

வெளிப்புறம் சுற்றிப் பார்த்தார், சரி. உள்ளே பார்த்தார், சரி. அப்புறம் ஒரு அட்டையைப் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டு, மண்டியிட்டு, டார்ச்சை அடித்தார். ஒரு வினாடிகூடத் தேடவில்லை. இருட்டில் தன் வீட்டு ஸ்விட்சுக்குக் கை போவது போல வெளிச்சம் நேராக ஒரே இடத்துக்குப் போனது. கழிவுநீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஓரத்தில் உள்ளே வளைந்திருந்தது. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "அண்டர்கேரேஜ் டேமேஜ்" என்றார். விலைப்பட்டியல் அச்சடித்தே இருந்தது: தொட்டி, சட்டம், கூலி எல்லாம் சேர்த்து 18,400 ரேண்ட்.

நாங்கள் நாளுக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கட்டி "சூப்பர் கவர்" எடுத்திருந்தோம். எக்ஸஸ், அதாவது சேதமானால் நம் கையிலிருந்து கட்டும் பங்கு, பூஜ்யம் என்று வாங்கும்போது சொன்ன கவர். வண்டியின் அடிப்பாகம், கூரை, டயர், கண்ணாடி இதில் சேராது என்று நிபந்தனைகளின் உள்ளே பொடி எழுத்தில் இருக்கிறது. கேம்பர்வேனில் அடிபடக்கூடிய இடங்களே அவைதான். மீதியை யார் இடிக்கிறார்கள்? இன்னொன்றையும் கவனியுங்கள். வேன் எடுக்கும்போது கீறல்களைக் குறித்துக் கையெழுத்து வாங்கும் தாளில் வண்டியின் நாலு பக்கப் படமும் மேல் படமும் இருக்கும். அடிப்பக்கப் படம் கிடையாது. ஏற்கெனவே அங்கே அடி இருந்தாலும் குறிக்க இடம் இல்லை. நீங்கள் எடுக்கும்போது போனை வீடியோவில் வைத்து வேனுக்குக் கீழே நாலு பக்கமும் நீட்டி எடுங்கள், நம்பர் பிளேட்டும் அதே வீடியோவில் வரட்டும்.

அந்த ஆள் ஒரு தாளை நீட்டினார். "பார்த்தோம் என்பதற்கு மட்டும் கையெழுத்து, ஏர்போர்ட் ஷட்டில் வண்டி ரெடி, உங்கள் ஃபிளைட்டுக்கு நேரமாகிறது" என்றார். ஃபிளைட் நேரத்தை எங்களைவிடத் துல்லியமாகச் சொன்னார். இவர் பேனாவை எடுத்துவிட்டார். நான், "என்னங்க, ஃபிளைட் போனால் போகட்டும், அங்கிளைக் கூப்பிடுங்க" என்றேன்.

டொங்காட் அங்கே இருந்து பக்கம்தான். கேட்டை இழுத்து மூட ஆரம்பித்த நேரத்தில் அங்கிள் தன் பழைய பக்கியில் (பிக்கப் வண்டி) வந்து இறங்கினார், காலில் ரப்பர் செருப்பு, கையில் டார்ச். "வேலை நேரம் முடிந்துவிட்டது" என்ற ஆளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவர்கள் போட்டிருந்த அதே அட்டையில் மல்லாந்து படுத்து உள்ளே போய்விட்டார். எழுபதைத் தாண்டியவர். உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டார். நானும் குனிந்து பார்த்தேன். வளைந்த இடம் பழுப்பாகத் துருப்பிடித்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்தார், பொடி உதிர்ந்தது. புதிதாக அடிபட்ட இரும்பு பளபளவென்றிருக்கும், இந்த அளவுக்குத் துரு ஏற வாரக்கணக்கில் ஆகும் என்றார். நாங்கள் வைல்ட் கோஸ்ட்டில் இருந்த நாட்களில் ஒரு துளி மழை இல்லை. அந்தப் பக்கம் குளிர்காலம் காய்ந்த காலம். அப்புறம் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். வளைவின் மேலேயே, பள்ளத்துக்குள்ளும், கறுப்பு அண்டர்சீல் படிந்திருந்தது. வண்டியின் அடியில் துருப்பிடிக்காமல் இருக்கத் தெளிக்கும் தார் மாதிரிப் பூச்சு அது. பள்ளத்துக்குள் பூச்சு இருக்கிறது என்றால், பள்ளம் விழுந்த பிறகு யாரோ தெளித்திருக்கிறார்கள். "மகளே, இதுக்கு முன்ன வந்தவன்கிட்டயும் காசு வாங்கியிருப்பான். ரிப்பேர் பண்ணல, ஸ்ப்ரே மட்டும் பண்ணியிருக்கான்" என்றார். தொட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. சட்டத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்த ஒரு மணி நேரம் போதும், தொட்டியை எதற்கு மாற்றுகிறீர்கள் என்று அந்த ஆளிடமே கேட்டார். பதில் இல்லை. மேனேஜர் திங்கட்கிழமைதான் வருவாராம்.

டார்ச் வெளிச்சத்தில் துருவையும் பூச்சையும் படம் எடுத்துக்கொண்டோம். பக்கத்தில் அன்றைய ரசீதைப் பிடித்து எடுத்தோம், தேதிக்காக. அவர்கள் தாளில் கையெழுத்துப் போடும் இடத்தில் "சேதத்தை ஒப்புக்கொள்ளவில்லை, பழைய துரு, மேலே பூச்சு" என்று ஆங்கிலத்தில் எழுதி அதன் கீழே கையெழுத்திட்டு, அதையும் படம் எடுத்தேன். ஃபிளைட் போய்விட்டது. டிக்கெட் பணமும் போயிற்று. இரண்டு ராத்திரி அங்கிள் வீட்டில்.

டெபாசிட்டாக அவர்கள் கார்டில் 25,000 ரேண்டைப் பிடித்து வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை அதிலிருந்து 18,400 எடுத்துக்கொண்டு மீதியை விட்டார்கள். பாங்கில் புகார் செய்தோம். ஆனால் வேன் எடுக்கும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், பின்னால் வரும் எந்தச் செலவையும் கார்டில் எடுக்கலாம் என்று ஒரு வரி இருந்ததைக் காட்டி அவர்கள் பதில் போட, பாங்க் கைவிரித்துவிட்டது. பாங்க் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இருக்காதீர்கள்.

தென்னாப்பிரிக்காவில் சட்டம் நம் பக்கம் ஓரளவு நிற்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 49வது பிரிவு, வாடிக்கையாளர் தலையில் பொறுப்பைச் சுமத்தும் நிபந்தனைகளை எளிய மொழியில், கண்ணில் படும்படி, ஒப்பந்தத்துக்கு முன்பே காட்ட வேண்டும் என்கிறது. 54வது பிரிவு, சேவை தரமாக இல்லாவிட்டால் சரிசெய்து தர வேண்டும், இல்லையேல் தகுந்த பங்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. எங்கள் ஃபிரிட்ஜ் கதை அதில் வரும்.

போகும் இடம் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட், சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட். 20,000 ரேண்ட் வரை அங்கே கேட்கலாம். வக்கீல் வைக்கவே கூடாது, அவர்களும் வைக்க முடியாது. கம்பெனி நம்மீது அங்கே வழக்குப் போட முடியாது, நாம் கம்பெனிமீது போடலாம். முதலில் பணம் கேட்டு ஒரு கடிதம், 14 நாள் கெடு. பதில் இல்லையென்றால் கிளார்க்கிடம் போய் சம்மன் எடுக்க வேண்டும். படிவம் நிரப்ப அவர்களே உதவுகிறார்கள். எங்களுக்கு வர வேண்டியது சேதப் பணமும் பேட்டரியும் சேர்த்து 21,000. உச்சவரம்புக்குள் வருவதற்காக ஆயிரத்தை விட்டுக்கொடுத்து 20,000 கேட்டிருக்கிறோம். ஒரு சங்கடம், சம்பவம் நடந்தது டர்பன் பக்கம், கம்பெனியும் அங்கேதான், ஆகவே கோர்ட்டும் அங்கேதான். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து போய்வரும் செலவு நம் தலையில். இதையும் கணக்குப் போட்டுத்தான் அவர்கள் துணிகிறார்கள் என்று நினைக்கிறேன்.

கடிதம் கிடைத்ததும் "நல்லெண்ண அடிப்படையில்" 9,000 தருகிறோம், ஆனால் இதைப் பற்றி எங்கும் எழுதக் கூடாது என்று ஒரு மெயில் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இவருக்கு வாங்கிக்கொண்டு ஆளை விடு என்றுதான் இருந்தது, நான் விடவில்லை. சம்மன் போயாயிற்று. அங்கிள் தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார், நேரிலும் வருவதாகச் சொல்கிறார்.

டிசம்பரில் டர்பனில் வேன் விடுபவர்கள் காலையில் டெப்போ திறந்ததும் போய் நில்லுங்கள், ஃபிளைட்டை மறுநாளுக்கு வையுங்கள், படிவத்தில் ஃபிளைட் நம்பர் கேட்ட கட்டத்தை வெறுமனே விடுங்கள். அவர்களின் இலவச ஷட்டிலில் மிச்சமாவது ஊபருக்கு ஆகும் காசு மட்டும்தான். கம்பெனி பெயர் வேண்டுபவர்கள் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், உங்கள் புக்கிங் அவர்களிடமா என்று பார்த்துச் சொல்கிறேன்.