"1825, வியன்னா, செர்ரி மரம், அசல் நிலை" என்ற விளம்பரத்தை நம்பி வாங்குவதற்கு முன்னால்

வியன்னாவிலோ பக்கத்திலோ பீடர்மையர் காலத்து (1815 முதல் 1848 வரை) மரச்சாமான் தேடிக்கொண்டிருக்கிறீர்களா, இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். ஒரு செக்ரெட்டேருக்கு 4200 யூரோ கொடுத்தேன். முன்பலகையை இறக்கினால் எழுதுமேசை ஆகும், கீழே மூன்று பெரிய இழுப்பறைகள், உள்ளே குட்டிக் குட்டி அறைகளும் இரண்டு கறுப்புத் தூண்களும் ஒரு கண்ணாடியும் இருக்கும், அந்த வகை. வீட்டுக்கு வந்தது பாதி பழசு, பாதி சமீபத்துப் பட்டறை வேலை.

விற்றவர் ஊருக்கு வெளியே கிடங்கு வைத்திருப்பவர், இணையத்திலும் விற்கிறார். நன்றாகப் பேசுவார். 1815-க்கும் 1848-க்கும் நடுவில் நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்காகச் செய்த சாமான்கள், நெப்போலியன் காலத்துப் பேரரசு பாணியின் பித்தளை ஜோடனை எல்லாம் போய் மரத்தின் ரேகையே அலங்காரமாக ஆன காலம், இங்கே செர்ரியும் வால்நட்டும், வடக்கே மகாகனியும் பிர்ச்சும் என்று அவர் சொன்னதெல்லாம் சரிதான். "டான்ஹவுசர் பட்டறை வேலையாகக்கூட இருக்கலாம்" என்றும் ஒரு தூண்டில் போட்டார். அந்தக் காலத்தில் வியன்னாவில் பெயர்பெற்ற மரச்சாமான் தொழிற்சாலை டான்ஹவுசர், அதன் வரைபடங்கள் வியன்னாவின் மாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, எதோடு ஒத்துப்போகிறது என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

ஒரு இழுப்பறை சிக்குகிறது என்று பழுது பார்க்கும் தச்சரைக் கூப்பிட்டதில்தான் குட்டு உடைந்தது. அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேராக இழுப்பறையை உருவிக் கவிழ்த்துப் போட்டுவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். கீழ் மூன்றில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரப் பலகையின் அடியில் இழைப்புளி போன மெல்லிய அலைகள் தெரிந்தன, மூலையில் புறா வால் வடிவத்தில் வெட்டிக் கோத்த பற்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை, கையால் வெட்டினால் அப்படித்தான் வரும். மேலே உள்ள குட்டி இழுப்பறைகளில் எல்லாப் பற்களும் அச்சு எடுத்தது மாதிரி ஒரே அளவு. அவற்றின் அடிப்பலகையில் வட்ட ரம்பத்தின் வளைவுக் கோடுகள், அதன்மேல் பழுப்புச் சாயம் தேய்த்திருந்தார்கள். எனக்கு மிகவும் எரிச்சல் தந்தது பூச்சி அரித்த தடம். மரப்பூச்சி வெளியே வரும்போது சின்ன வட்ட ஓட்டைதான் போடும், உள்ளே தோண்டிய சுரங்கம் கண்ணுக்குத் தெரியாது. இங்கே பின்பலகையில் சுரங்கம் நீளவாக்கில் திறந்து கிடந்தது, அப்படியென்றால் பூச்சி அரித்து முடித்த ஏதோ பழைய பலகையை அறுத்து இதில் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் வினீர், அதாவது சாதா மரத்தின்மேல் ஒட்டும் மெல்லிய நல்ல மரத்தகடு. அந்தக் காலத்து வினீர் ரம்பத்தால் அறுத்தது, ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் தடிமனாவது இருக்கும், இன்றைய இயந்திரக் கத்தி சீவுவது அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். சாவித் துவார ஓரத்தில் பார்த்தால் போதும், மேல்பகுதியில் ஒட்டியிருந்தது காகிதம் மாதிரி. பாலிஷும் ஷெல்லாக் இல்லை. (நம் ஊர்க் காடுகளில் பூச்சி சுரக்கும் அரக்கைச் சுத்தம் செய்து எடுப்பதுதான் ஷெல்லாக், வியன்னாக்காரர்கள் அதைத்தான் துணிப்பொட்டலத்தில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார்கள்.) பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைத்து மறைவான மூலையில் வைத்தால் ஷெல்லாக் பிசுபிசுக்கும், இது அசையவில்லை, பாலியூரித்தேன் என்ற இந்தக் காலத்துச் செயற்கை வார்னிஷ். புற ஊதா விளக்கில் பழைய ஷெல்லாக் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், அதுவும் இல்லை. ஆகக் கீழே ஒரு உண்மையான பழைய இழுப்பறைப் பெட்டி, மேலே புதிதாகக் கட்டிய மாடி.

பழுது பார்த்திருப்பது குற்றம் இல்லை. 200 வருஷத்துச் சாமானில் வினீர் பெயர்ந்திருக்கும், வஜ்ஜிரப் பசை விட்டிருக்கும், பூட்டு மாற்றியிருப்பார்கள், ஷெல்லாக் திரும்பப் போட்டிருப்பார்கள், அதைச் சொல்லி விற்றால் மரியாதையாக வாங்கலாம். 1900 வாக்கில் இந்தப் பாணி மறுபடி நாகரிகமாகி நிறையச் செய்தார்கள், அவையும் நல்ல சாமான்களே, விலைதான் வேறு. 'அசல் நிலை' என்று சொல்லிவிட்டு இதைத் தள்ளிவிடுவது மோசடி. எனக்குத் தந்த பில்லில் ஆண்டும் இல்லை, மரமும் இல்லை, "பழைய செக்ரெட்டேர்" என்று மட்டும். விளம்பரத்தைப் படம்பிடித்து வைத்திருந்ததால் தப்பித்தேன். நீங்கள் வாங்கினால் காலம், மரம், எந்தப் பாகம் மாற்றியது, என்ன பாலிஷ், நான்கையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையானவர் இரண்டு நிமிடத்தில் எழுதித் தருவார். வாங்குவதற்கு முன் வியன்னா ஏழாவது வட்டாரத்தில் உள்ள மரச்சாமான் அருங்காட்சியகத்துக்குப் போய் உண்மையானதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள், வியன்னாவின் ஏல நிறுவனமான டொரோதேயம் நடத்தும் ஏலங்களில் இதே மாதிரி என்ன விலைக்குப் போனது என்பதும் இணையத்திலேயே கிடைக்கும். பழைய மரச்சாமான் விலை இருபது வருஷமாக இறங்கித்தான் இருக்கிறது, "நாளைக்கு ஏறிடும்" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம்.

பணம் திரும்ப வருமா என்றால், ஆஸ்திரியச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. பொதுக் குடிமைச் சட்டம் 934-ஆம் பிரிவு: கொடுத்த விலையில் பாதிகூடப் பெறாத பொருள் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்கலாம், மூன்று வருஷ அவகாசம். பொருளின் உண்மை மதிப்பு தெரிந்தே வாங்கியது போன்ற சில சந்தர்ப்பங்களில் செல்லாது. 1812-இல் அமலுக்கு வந்த சட்டம், நான் வாங்கியதாக நினைத்த அலமாரியைவிடப் பழசு! தச்சரும் இன்னொரு மதிப்பீட்டாளரும் 1300 யூரோவுக்கு மேல் பெறாது என்று எழுதித் தந்திருக்கிறார்கள். அதை விற்றவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். "வேறு சாமான் எடுத்துக்கொள்ளுங்கள், கழித்துக்கொள்கிறேன்" என்று பதில் வந்தது. அவர் கிடங்கில் இனி ஒரு நாற்காலிகூட எடுப்பதாக இல்லை, வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டேன்.

இதே மாதிரி கறுப்புத் தூண், நடுவில் கண்ணாடி வைத்த செக்ரெட்டேர் சமீபத்தில் யாராவது வாங்கியிருந்தால் குட்டி இழுப்பறைகளின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஒரே பட்டறையில் இருந்து இன்னும் சில வெளியே போயிருக்கும் என்று தச்சர் சந்தேகப்படுகிறார்.