நீலத் தொட்டியா, காராங் கூனியா?

பழைய செய்தித்தாள் கட்டைக் கழிக்கச் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்காரர்களிடம் இரண்டு வழி உண்டு: மறுசுழற்சிக்கான நீலத் தொட்டி, இல்லையென்றால் பழைய பொருள்களை வீடு வீடாக வந்து வாங்கும் காராங் கூனிக்காரர்.

புளோக்கின் கீழே நிற்கும் நீலத் தொட்டி எந்நேரமும் கிடைக்கும். தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடலாம். பிரித்துவைக்கும் வேலையே இல்லை. அந்த வசதிதான் வினையும்கூட. மீ கோரெங் நூடுல்ஸ் ஒட்டிய டப்பாவும் பாதி குடித்த தே தாரிக் பொட்டலமும் உள்ளே விழுந்தால் தாளெல்லாம் ஊறி வீணாகிறது. தொட்டிகளில் சேர்வதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு உதவாது என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். உதவாதது எரிஆலைக்கு, அதன் சாம்பல் செமாக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்புநிலத்துக்கு. அந்த நிரப்புநிலமோ 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணித்திருக்கிறார்கள்.

காராங் கூனிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியென்றால் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார். தருவதும் சில்லறைதான். ஆனால் கட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் காசு கொடுப்பார். ஈரத்தாள் அவரிடம் செல்லாது.

என்னைக் கேட்டால், தாளும் பழைய மின்விசிறியும் அவருக்கு. கழுவிய புட்டியும் டின்னும் தொட்டிக்கு. கழுவச் சோம்பலா? நேரே குப்பையில் போட்டுவிடுங்கள், அடுத்த வீட்டுக்காரரின் தாளாவது தப்பும்.