எண்கணிதக்காரரிடம் புனைபெயர் வாங்கலாமா?

கதை எழுதுகிறவர், மேடையில் பாடுகிறவர், சினிமாவுக்குள் நுழைகிறவர் எல்லோரையும் நம்பி நடக்கிற தொழில் ‘அதிர்ஷ்டப் பெயர்’ அமைத்துத் தருவது. பிறந்த தேதியையும் ஆசைப்பட்ட பெயரையும் கொடுத்தால் பிறவி எண் (பிறந்த நாளின் எண்), விதி எண் (முழுத் தேதியின் கூட்டுத்தொகை), பெயர் எண் (பெயரின் எழுத்துகளைக் கூட்டி வருவது), இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல், கையெழுத்துப் போடும் விதம் என்று ஒரு தாள் கைக்கு வரும். அதிர்ஷ்டம் அவரவர் நம்பிக்கை, அதற்குள் போகவில்லை. புனைபெயர் தேடுகிறவருக்கு அந்தத் தாள் எதற்கு உதவும் என்பது மட்டும் இங்கே.

பெயர் எண்ணுக்கான கணக்கு எளிது. இங்கே பெரும்பாலும் புழங்குவது கல்தேய முறை, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் தருவது. ஏ, ஐ, ஜே, க்யூ, ஒய் ஐந்துக்கும் 1. பாலு எழுதும் பி, கே, ஆர் 2. சி, ஜி, எல், எஸ் 3. டேவிட்டின் டி, தாமஸின் டி, எம் 4. இ, எச், என், எக்ஸ் 5. யூ, வி, டபிள்யூ 6. ஓ, இசட் 7. எஃப், பழனி எழுதும் பி 8. ஒன்பது எந்த எழுத்துக்கும் கிடையாது. தமிழ் எழுத்துக்கு இந்த அட்டவணையில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். தமிழில் எழுதப்போகிறவரின் பெயரை ஆங்கில எழுத்தை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள்.

மலர்விழி என்று வைக்க ஆசை என்று கொள்வோம். எம் 4, ஏ 1, எல் 3, ஏ 1, ஆர் 2, வி 6, ஐ 1, இசட் 7, எச் 5, ஐ 1. மொத்தம் 31, மூன்றையும் ஒன்றையும் கூட்டினால் ஒற்றை இலக்கம் 4. நான்கு ராகுவுக்கு உரியது. நான்கும் எட்டும் வந்தாலே மாற்றச் சொல்கிறவர்கள் அதிகம். வழக்கமான வைத்தியம், கடைசியில் இன்னொரு ஐ. இப்போது 32, அதாவது 5. புதன், எழுத்துக்கும் பேச்சுக்கும் உரியவன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காதால் கேட்டுவிட்டுத் தேடுகிற வாசகர் ஒரு ஐ போட்டுத்தான் தேடுவார். அவருக்கு வேறு யாரோ ஒரு மலர்விழி கிடைப்பார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ழ-வுக்கு இசட்டும் எச்சும் சேர்ந்து 12. அதையே எல் போட்டு எழுதினால் 3. வித்தியாசம் 9. ஒன்பதைக் கூட்டினாலும் கழித்தாலும் ஒற்றை இலக்கம் மாறாது. 31 என்பது 22 ஆகும், இரண்டும் நான்கில்தான் முடியும். இரண்டு இ போடுவதும் (10) ஒரு ஐ போடுவதும் (1) அப்படியே. லக்ஷ்மிக்கு எக்ஸ் போட்டாலும், எச் இல்லாமல் கே, எஸ் மட்டும் போட்டாலும் அதே 5. ஐ-க்குப் பதில் ஒய், வி-க்குப் பதில் டபிள்யூ என்பதெல்லாம் சல்லிக்காசு மாற்றம்கூடக் கிடையாது. தாளில் இப்படிப்பட்ட இரண்டு எழுத்துக்கூட்டல்களைக் கொடுத்து ஒற்றை இலக்கம் வேறு வேறு என்று போட்டிருந்தால், கூட்டியவர் தூக்கக் கலக்கத்தில் கூட்டியிருக்கிறார். உண்மையில் வேலை செய்கிற எழுத்து எச். ஐந்து கூடும், உச்சரிப்பு அவ்வளவாகக் கெடாது. போஸ்டர்களில் காரணமே இல்லாமல் எச் முளைப்பது இதனால்தான்.

பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். எந்த முறை? பித்தாகரஸ் முறையில் எழுத்துகளை வரிசையாக 1 முதல் 9 வரை சுற்றி அடுக்குவார்கள். அதில் இதே மலர்விழிக்கு 56, பிறகு 11, கடைசியில் 2. ஒரே பெயர் ஒரு கடையில் ராகு, அடுத்த கடையில் சந்திரன். இரண்டாவது, இனிஷியல் சேருமா? எஸ். மலர்விழி என்றால் கல்தேயத்தில் 34, அதாவது 7. புத்தக அட்டையில் இனிஷியல் இல்லாமல் போடப்போகிறவருக்கு இனிஷியலோடு கூட்டித் தந்த தாள் வீண்.

தாளில் இல்லாததுதான் பெரிய குறை. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் எழுதுகிறாரா என்று யாரும் பார்த்துத் தருவதில்லை. எஸ். ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனது, குமுதத்தில் ரா. கி. ரங்கராஜன் இருந்ததால். புனைபெயருக்கான முதல் சோதனை இன்றைக்கும் இதுதான். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்களில் ஒருமுறை, புத்தகக் கடைத் தளங்களிலும் யூடியூபிலும் தேடிவிடுங்கள்; அரை மணி நேர வேலை.

சில இடங்களில் கெஜட்டில் பெயர் மாற்றவும் சேர்த்துக் கட்டணம் சொல்வார்கள். புனைபெயருக்கு அது தேவையே இல்லை. கெஜட் சட்டப்பூர்வப் பெயரை மாற்றுவதற்கு. ராயல்டி வாங்க வங்கிக் கணக்கும் பான் அட்டையும் சொந்தப் பெயரில் இருந்தால் போதும், பதிப்பக ஒப்பந்தத்தில் இரண்டு பெயரையும் எழுதிவிட வேண்டும். ஆள் யாரென்றே வெளியே சொல்லாமல் எழுதினால் மட்டும் ஒரு நுணுக்கம்: 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வெளியான ஆண்டை ஒட்டி 60 ஆண்டுதான் உரிமை. அதற்குள் அடையாளத்தை வெளியிட்டால், இறந்த பிறகு 60 ஆண்டு என்று கணக்கு மாறும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளக் கட்டாயப்படுத்துவதற்காக. நம்பிக்கை உள்ளவர்கள் பெயரை முதலில் தமிழில் முடிவு செய்து, தேடிப் பார்த்து, மக்கள் இயல்பாகத் தட்டச்சு செய்கிற இரண்டு எழுத்துக்கூட்டல்களை எழுதி வைத்துக்கொண்டு, மேலே சொன்ன அட்டவணையில் தாங்களே கூட்டிப் பார்க்கலாம். பத்து நிமிடம் ஆகும். புதுப் பெயரை 48 நாள் நோட்டில் எழுதச் சொன்னால் எழுதுங்கள், கையெழுத்தாவது பழகும். ராசிக்கல் பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.