மும்பைச் சேற்றில் எந்தக் கொக்கு எது?

மித்தி ஆற்றில் கடல்நீர் வடிந்ததும் வந்து இறங்குகிற வெள்ளைப் பறவை எதுவானாலும் தாராவியில் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கொக்குதான். பைனாகுலர் கைக்கு வந்த பிறகுதான் அதற்குள் இத்தனை வகை இருப்பது தெரிந்தது.

உண்ணிக்கொக்கில் குழப்பமில்லை. குட்டை மஞ்சள் அலகு, உப்பிய தாடை. சேற்றைவிட மாடுகளின் காலடியில்தான் அதிகம் நிற்கும்.

பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். உயரத்தை வைத்துச் சொல்லலாம்தான். ஆனால் தனியாக நிற்கும் பறவையிடம் அது ஏமாற்றிவிடும். அலகின் நிறமும் நம்பகமில்லை: மற்ற நாளில் மஞ்சள், இனப்பெருக்கக் காலத்தில் இரண்டுக்குமே கறுத்துவிடும். நான் பார்ப்பது வாய்க்கோட்டை, அதாவது அலகு பிளக்கும் இடத்திலிருந்து முகத்தில் பின்னோக்கி ஓடும் கோட்டை. அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தரம். உறுமீனுக்காக அசையாமல் நிற்கும் கொக்கு என்று நாம் சொல்வதும் பெரிய கொக்குக்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது.

சின்னக் கொக்கு அப்படி நிற்காது. ஓடும், சிறகை விரிக்கும், ஒரு காலை நடுக்கிச் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்பும். கறுப்புக் கால், மஞ்சள் பாதம், ஊசி போன்ற கறுப்பு அலகு. இதே உயரத்தில் கரைக் கொக்கும் மும்பையின் கிழக்குக் கரையிலுள்ள சிவ்ரி சேற்றில் இரை தேடும். சாம்பல் உடலும் வெள்ளைத் தொண்டையுமாக வந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும். அதிலேயே முழு வெள்ளையாக ஒரு வகை உண்டு; சிக்கல் அங்கேதான்.

பாதத்தைப் பார் என்பார்கள். கரைக் கொக்குக்கும் பாதம் மஞ்சள்தான். அதோடு நம்மூர்ச் சேற்றில் முட்டிவரை கறுப்புப் பூச்சு ஏறியிருக்கும். தண்ணீரில் இறங்கிக் கழுவிக்கொண்டு வரும்வரை நிறமே தெரியாது. அதனால் அலகுக்குத்தான் போக வேண்டும். கரைக் கொக்கின் அலகு சற்றுப் பருமன், பழுப்பு மஞ்சள், நுனியை நோக்கி லேசாகக் கீழே வளையும். இளம் சின்னக் கொக்குக்கும் அலகு வெளிறியிருக்கும் என்பதால் நிறம் மட்டும் போதாது. பருமனும் வளைவும் சேர்ந்து தெரிந்தால்தான் நோட்டில் கரைக் கொக்கு என்று எழுதுவேன். தெரியாத நாளில் அம்மா சொல்வது போலவே, கொக்கு.