ஒப்பீட்டு அட்டவணையைக் காட்டி விற்கப்பட்ட பங்கு: ஓர் எச்சரிக்கை

மின்வாரியத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோவையில் வசிக்கிறேன். 2022 ஜூன் மாதம், பணிக்கொடையாக வந்த தொகையிலிருந்து 5,84,000 ரூபாயை எடுத்து, ஒரு நூற்பாலை நிறுவனத்தின் 4,000 பங்குகளை, பங்கு ஒன்று 146 ரூபாய் வீதம் வாங்கினேன். ஓராண்டு கழித்து அதன் விலை 71 ரூபாய். மூன்று லட்சம் ரூபாய் போயிற்று. பங்குச்சந்தையில் ஏற்ற இறக்கம் உண்டு என்பதை அறிந்தேதான் இறங்கினேன். ஆகவே நட்டத்துக்காக இதை எழுதவில்லை. அந்தப் பங்கை வாங்கவைத்த ஒப்பீட்டு அட்டவணை எப்படித் தயாரிக்கப்பட்டிருந்தது என்பதைப் பிறகு கண்டுகொண்டேன். அதே அட்டவணை இன்னும் பலருக்குப் போய்க்கொண்டிருப்பதால் எழுதுகிறேன்.

முதலீட்டு ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரை உறவினர் ஒருவர் அறிமுகப்படுத்தினார். ஆண்டுச் சந்தாவாக 18,000 ரூபாய் கட்டியதும் பதினைந்து பக்க ஆய்வறிக்கை ஒன்று வந்தது. நான்காம் பக்கத்தில் அந்த நிறுவனத்தையும் அதே துறையைச் சேர்ந்தவை என்று சொல்லப்பட்ட நான்கு நிறுவனங்களையும் அருகருகே வைத்து ஓர் அட்டவணை போட்டிருந்தார்கள். முதல் வரியில், பச்சைப் பட்டையின் மேல், லாப வளர்ச்சி 212 சதவீதம். மற்ற நான்குக்கும் முறையே 6, 8, 9, 11 சதவீதம். “துறையே தவழுது, இது ஒண்ணு மட்டும் ஓடுது சார்” என்று ஆலோசகர் தொலைபேசியில் சொன்னார். அந்தப் பச்சைப் பட்டையைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

பங்கு விலை பாதியாகச் சரிந்த பிறகுதான், பட்டயக் கணக்காளர் படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கும் என் தம்பி மகளிடம் அந்த அறிக்கையைக் கொடுத்தேன். அவள் அடிமட்டத்தை அட்டவணையின் கீழ் வைத்து, பென்சில் முனையால் ஓரிடத்தைத் தொட்டு, “பெரியப்பா, இந்த நட்சத்திரக் குறி எதுக்குன்னு பாத்தீங்களா?” என்று கேட்டாள். பக்கத்தின் அடியில், கடுகு அளவு எழுத்தில், முதல் வரியில் உள்ளது ஓராண்டு வளர்ச்சி, மற்ற வரிகளில் உள்ளது ஐந்தாண்டுச் சராசரிக் கூட்டு வளர்ச்சி, அதாவது ஐந்தாண்டு வளர்ச்சியை ஆண்டுக்கு இவ்வளவு என்று பரப்பிக் காட்டும் கணக்கு, என்று இருந்தது.

அந்த ஓராண்டு எந்த ஆண்டு என்பதுதான் விஷயத்தின் உயிர்நிலை. 2020-21 கொரோனா ஊரடங்கில் தொடங்கிய நிதியாண்டு. ஆலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன. அதற்கடுத்த 2021-22 நூற்பாலைகளுக்குப் பொற்காலம். 2020-இல் கண்டி ஒன்றுக்கு, அதாவது 356 கிலோவுக்கு, நாற்பதாயிரம் ரூபாயைச் சுற்றி இருந்த பஞ்சு விலை ஏறிக்கொண்டே போய் 2022 மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தொட்டது. முன்பே பஞ்சு வாங்கிக் கிடங்கில் அடுக்கியிருந்த ஆலைகள், பழைய விலைப் பஞ்சில் நூற்ற நூலைப் புதிய விலைக்கு விற்றன. கிடங்கில் இருந்த சரக்கே லாபமாக மாறிய காலம் அது. ஆகவே அந்த ஓராண்டு வளர்ச்சியை எல்லா ஆலைகளுக்கும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். என் தம்பி மகள் பங்குச்சந்தையின் இணையதளத்திலிருந்து நிதிநிலை முடிவுகளை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். மற்ற மூன்று ஆலைகளின் ஓராண்டு லாப வளர்ச்சி 140, 230, 265 சதவீதம். எனக்கு விற்கப்பட்ட நிறுவனம் நான்கில் மூன்றாவது.

நான்காவது ‘சக நிறுவனம்’ நூற்பாலையே இல்லை. ஆயத்த ஆடை தைத்து ஏற்றுமதி செய்யும் நிறுவனம். நூல் விலை ஏறினால் நூற்பாலைக்கு வரவு, ஆடை தைப்பவருக்குச் செலவு. நூல் விலை உயர்வைக் கண்டித்து 2022 மே மாதம் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலினர் வேலைநிறுத்தம் செய்ததை எங்கள் பகுதியில் அறியாதவர் இல்லை. ஒரே பஞ்சு விலையால் ஒருவர் வாழ்ந்து மற்றவர் நொடித்த காலத்தில் அந்த இருவரையும் ஒரே துறை என்று ஒரு கட்டத்துக்குள் அடைத்தது அறியாமை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து, எனக்கு விற்கப்பட்ட நிறுவனத்தின் லாப அளவு. 2020-21-இல் நான்கு கோடியாக இருந்த நிகர லாபம் 2021-22-இல் பன்னிரண்டரைக் கோடியாயிற்று; 212 சதவீதம் என்பது இந்தக் கணக்குதான், அதில் பிழையில்லை. ஆனால் கொரோனாவுக்கு முந்தைய 2018-19-இலேயே அந்நிறுவனம் பத்துக் கோடி லாபம் ஈட்டியிருந்தது. அந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் கூட்டு வளர்ச்சி ஆண்டுக்கு எட்டு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அதிலும், பன்னிரண்டரைக் கோடியில் மூன்றரைக் கோடி, பழைய ஆலை நிலம் ஒன்றை விற்றதில் வரி போகக் கிடைத்தது. நிதிநிலை முடிவுகளில் ‘அசாதாரண இனங்கள்’ என்ற தனி வரியில் அதை நிறுவனமே காட்டியிருக்கிறது. நிலம் ஒருமுறைதான் விற்கும். அதைக் கழித்தால் நூல் நூற்று ஈட்டிய லாபம் ஒன்பது கோடி. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஈட்டியதைவிடக் குறைவு.

அட்டவணையில் விற்பனை வளர்ச்சியைக் காட்டிய இடத்திலும் இதே வேலைதான். இந்த நிறுவனத்துக்கு 58 சதவீத வளர்ச்சி என்று போட்டிருந்தது துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு. மற்றவற்றுக்குத் தனிநிலைக் கணக்கு. ஆண்டின் நடுவில் விலைக்கு வாங்கிய நெசவு ஆலையின் விற்பனையைக் கழித்தால் 35 சதவீதம்தான் நிற்கிறது. மற்ற மூன்று ஆலைகளும் 40 சதவீதத்தைத் தாண்டியிருந்தன.

அட்டவணையில் அறவே இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் என் கருத்தில் எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமானது. விற்ற சரக்குக்குப் பணம் வந்து சேர எடுத்த நாட்கள் 48-இலிருந்து 81-ஆகக் கூடியிருந்தன; மற்ற ஆலைகளில் அந்தக் கணக்கு ஏறக்குறைய மாறவே இல்லை. லாபம் ஏட்டில் ஏற, பணம் வாடிக்கையாளர்களிடம் நின்றுபோயிருந்தது. பணப்புழக்க அறிக்கையில், தொழில் நடவடிக்கைகளிலிருந்து வந்த பணம் மூன்று கோடிக்கும் குறைவு. இந்த ஒரு வரியைச் சக நிறுவனங்களோடு ஒப்பிட்டிருந்தாலே நான் அந்தப் பங்கை வாங்கியிருக்க மாட்டேன்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். அந்த நூற்பாலை நிறுவனத்தின் மீது எனக்குப் புகார் இல்லை. 2009 ஜனவரியில் வெளிவந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விவகாரத்தில், ஒரு காலாண்டின் 3 சதவீத இயக்க லாப விகிதத்தை 24 சதவீதமாகக் காட்டியதாக அதன் தலைவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அங்கே நிறுவனத்தின் கணக்கே பொய். என் விஷயத்தில் நிறுவனம் எல்லாவற்றையும் வெளியிட்டிருந்தது. நிதியாண்டு முடிந்த 60 நாட்களுக்குள் தணிக்கை செய்த முடிவுகளைப் பங்குச்சந்தைக்குத் தர வேண்டும் என்பது பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் விதி. அதன்படி, நான் பணம் கட்டுவதற்கு முன்பே நிலம் விற்ற விவரம் உட்பட எல்லாமே பொதுவெளியில் இருந்தன. உண்மையான எண்களை எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொருந்தாத எண்ணை வைத்தவர் ஆலோசகர்தான்.

அவரிடம் கேட்டபோது, “அடிக்குறிப்பில் போட்டிருக்கோமே சார்” என்றார். பணம் வாங்கிக்கொண்டு ஆய்வு ஆலோசனை வழங்குபவர் செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண் முதலீட்டு ஆலோசகர்களுக்கு ‘ஐஎன்ஏ’ என்றும் ஆய்வாளர்களுக்கு ‘ஐஎன்ஹெச்’ என்றும் தொடங்கும். செபியின் இணையதளத்தில் அந்த எண் யார் பெயரில் உள்ளது என்று எவரும் பார்க்கலாம். என் அறிக்கையின் பதினைந்து பக்கங்களிலும் அப்படியோர் எண் இல்லை. கேட்டதற்கு, விண்ணப்பம் நிலுவையில் இருப்பதாகப் பதில் வந்தது. சந்தாப் பணமும் ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கே சென்றிருந்தது. அறிக்கையின் நகலையும் பணம் அனுப்பிய சான்றையும் இணைத்துச் செபிக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பியிருக்கிறேன். சந்தாவில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

சென்ற வாரம், என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் தமக்கு வந்த அறிக்கையைப் பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தார். இம்முறை மருந்து நிறுவனம். நான்காம் பக்கத்தைத் திருப்பினேன். அதே பச்சைப் பட்டை, பக்கத்தின் அடியில் அதே நட்சத்திரக் குறி. அவர் இன்னும் பணம் கட்டியிருக்கவில்லை.