பச்சை ஸ்டிக்கரை நம்பாதீர்கள்: லண்டனில் கடை, உணவகம் நடத்துவோர் கவனத்துக்கு

லண்டனில் தொழில் நடத்தும் நம்மவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். மின்சாதனங்களைப் பரிசோதித்துத் தருவதாக வந்த ஒருவர், எங்கள் உணவகத்தில் எதையுமே பரிசோதிக்காமல் எல்லாவற்றிலும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, ஒட்டிய ஒவ்வொன்றுக்கும் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வந்தவுடனேயே மிரட்டல்தான். "வருடத்துக்கு ஒரு முறை பேட் டெஸ்ட் (PAT, பிளக் மாட்டும் மின்சாதனங்களின் பாதுகாப்புச் சோதனை) செய்யாவிட்டால் அபராதம், சட்டம் அப்படி" என்றார். அப்படி ஒரு சட்டம் கிடையாது. 1989ஆம் ஆண்டின் பணியிட மின்சார விதிமுறைகள் சாதனங்களை ஆபத்தில்லாமல் பராமரிக்கச் சொல்கின்றன. வருடந்தோறும் சோதிக்க வேண்டும் என்றோ, ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்றோ அவற்றில் இல்லை. ஆனால் அவற்றின் 16ஆவது விதி ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: ஆபத்தைத் தவிர்க்கத் தேவையான அறிவோ அனுபவமோ இல்லாதவர், தக்க மேற்பார்வையின்றி அத்தகைய வேலையில் ஈடுபடக் கூடாது. சட்டம் பேசிய மனிதர் மீறியது இதைத்தான்.

சில நாட்களில் சமையலறைத் தம்பி ஓடி வந்தார். "அண்ணா, கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது" என்றார். ஈரக் கையோடு மாவு அள்ளும் இடம் அது. உடனே சுவிட்சை அணைத்துவிட்டு, அனுபவமுள்ள எலக்ட்ரீசியன் ஒருவரை அழைத்தோம்.

அவர் மீட்டரை எடுப்பதற்கு முன்பே பிளக்கைத் திறந்தார். கசியும் மின்சாரத்தை ஆபத்தில்லாமல் வெளியே கொண்டுபோகும் பச்சையும் மஞ்சளுமான எர்த் வயர் திருகிலிருந்து கழன்று தனியே கிடந்தது. மோட்டாரில் ஈரம் புகுந்து கசிந்த மின்சாரம், போக வழியில்லாமல் கிரைண்டரின் உலோக உடலில் நின்றிருக்கிறது. அந்தக் கிரைண்டரின் நெற்றியில் பச்சை ஸ்டிக்கர்! மேசை விளக்கின் பிளக்கில் 3 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 13 ஆம்பியர் இருந்தது. பெரும்பாலான கோளாறுகள் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றார் அவர். முதலில் வந்தவர் ஒரு பிளக்கைக்கூடத் திறக்கவில்லை.

ஸ்டிக்கர் ஒட்டியவர் கொடுத்த அறிக்கை இன்னும் மோசம். எல்லாச் சாதனங்களுக்கும் எர்த் அளவு, அதாவது எர்த் கம்பியின் மின்தடை, 0.05 ஓம் என்று ஒரே எண். எங்களிடம் உள்ள பத்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரில் எர்த் கம்பி மட்டுமே 0.1 ஓமைத் தாண்டும். மடிக்கணினி சார்ஜருக்கும் அதே 0.05! சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி போட்ட, எர்த்துக்குப் பதில் இரண்டு அடுக்குக் காப்பை நம்பும் இரட்டைக் காப்புச் சாதனம் அது. அதில் அளக்க எர்த்தே கிடையாது. எர்த் பார்க்க வேண்டுமானால் மீட்டரின் கிளிப்பைச் சாதனத்தின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்ட வேண்டும். அந்த மனிதரின் கிளிப் வயர் சுருட்டியபடியே பெட்டிக்குள் கிடந்ததை எங்கள் ஊழியர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "நான் பார்த்தபோது சரியாக இருந்தது" என்றதோடு சரி. அதன்பின் தொலைபேசியை எடுப்பதில்லை. இதே ஆள் எங்கள் தெருவில் மற்ற கடைகளுக்கும் போயிருக்கிறார்.

இந்த வேலைக்கு முழு எலக்ட்ரீசியனே வர வேண்டும் என்பதில்லை. வயர் நைந்திருக்கிறதா, பிளக் கருகியிருக்கிறதா என்று பார்க்க, கொஞ்சம் பயிற்சி பெற்ற ஊழியரே போதும். மீட்டர் வைத்து அளப்பவருக்கோ, வரும் எண்ணுக்கு என்ன பொருள் என்று தெரிந்தாக வேண்டும். இந்தச் சோதனைக்கான சான்றிதழ்ப் படிப்பான சிட்டி அண்ட் கில்ட்ஸ் 2377 படித்தவரா என்று கேளுங்கள். அதோடு விடாமல், "இதில் எர்த் எங்கே பார்ப்பீர்கள், எவ்வளவு வந்தால் சரி?" என்று ஒரு சாதனத்தைக் காட்டிக் கேளுங்கள். தெரிந்தவர் செய்தே காட்டுவார்.

ஏற்கெனவே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போயிருந்தால் அறிக்கையை இன்றே எடுத்துப் பாருங்கள். எல்லா வரியிலும் ஒரே எண் இருந்தால், வேறு ஆள் வந்து பார்க்கும்வரை கிரைண்டர் போன்ற உலோக உடல் கொண்ட சாதனங்களின் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.